ஒரு நாள் விடுப்பில் வெளி வேலைகளை எல்லாம் முடிப்பது எப்படி?

வார நாளில் விடுப்பு எடுத்து வங்கி, அஞ்சலகம், கடைவீதி என்று நாள் முழுக்க அலைந்தும் பாதி வேலைகூட முடிவதில்லை, எந்த வரிசையில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசை அடுத்த விஷயம். அந்த நாளுக்கென்று எழுதி வைத்திருக்கும் வேலைகளில், வேலை நாளில், அலுவலக நேரத்தில், ஆள் நேரில் போய் நின்றால்தான் நடக்கும் என்பவை எவை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மற்றவற்றுக்கு விடுப்பை ஏன் செலவழிக்க வேண்டும்?

மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை என்பதால், சனிக்கிழமை ஓய்வு உள்ளவர்களுக்கும் அந்த வாரங்களில் என் நிலைமைதான் என்று சொல்லலாம். மின்கட்டணத்தைக் கைப்பேசியிலேயே கட்டிவிடலாம். வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம். மகளின் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, ஆனால் அதற்கு அவளும் வர வேண்டும் என்பதால், அதைப் பள்ளி விடுமுறைக்கு ஒதுக்கிவிட்டேன். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

எனக்கு இந்த விடுப்பு பெரும்பாலும் நவம்பரில்தான் வரும். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அது தொடர்ந்து வர, அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான வாழ்நாள் சான்றை நவம்பரில் கொடுக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். அம்மாவுக்கு இன்னும் அந்த வயதாகவில்லை. ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணை எண், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றோடு, அம்மாவின் கைப்பேசியையும் முந்தின இரவே சார்ஜ் போட்டு எடுத்து வைத்துவிடுகிறேன். ஒருமுறைக் கடவு எண் (OTP) அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும் என்பதால், அது வீட்டில் கிடந்தால் வங்கியில் காத்திருந்த நேரம் முழுக்க வீண்.

வங்கி திறக்கும்போதே உள்ளே போய்விடுவது நல்லது, ஏனென்றால் இந்த வேலை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவின் விரல் ரேகைகள் பாத்திரம் துலக்கித் துலக்கித் தேய்ந்துபோனவை. கருவியில் வலது கட்டைவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். "ஈரம் இல்லாமத் துடைச்சுட்டு வைங்கம்மா" என்பார் கவுண்டரில் இருக்கும் பெண். சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு, அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். கடைசியில் நாங்கள் எதிர்பார்க்காத ஏதோ ஒரு விரலுக்குப் பச்சை விளக்கு எரியும். இப்போது கைப்பேசியின் கேமராவில் முகத்தைக் காட்டியே இந்தச் சான்றை எடுத்துவிடலாம், தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் எடுக்கலாம். ஆனாலும் பாஸ்புக்கில் பதிவு போட்டு, ஓய்வூதியம் சரியாக வந்திருக்கிறதா என்று தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். (அதில் எனக்கும் உடன்பாடுதான், மாதா மாதம் வரும் குறுஞ்செய்தியை நான் பார்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.)

வங்கியிலிருந்து அம்மாவை ஆட்டோவில் பசுமலை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தலைமை அஞ்சலகத்துக்குப் போவேன். பணம் கட்டும், எடுக்கும் வேலைகளைப் பிற்பகலுக்கு முன் முடித்துவிட வேண்டும். கவுண்டர் மூடும் நேரத்தை நம்பி, சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் மறுநாளும் வந்து நிற்கிறார்கள். பசி எடுத்தாலும் இரண்டு வாழைப்பழத்தோடு தாங்கிக்கொண்டு, அரசு, வங்கி வேலைகள் அத்தனையும் முடிந்த பிறகே உணவகத்துக்குப் போவது என் வழக்கம்.

அதன் பிறகு கடைகள்தான், அவை இரவு வரை திறந்திருக்கும். அங்கே நேரத்தைவிடத் திசை முக்கியம். இந்த விஷயத்தில் மதுரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்: கோயிலை நடுவில் வைத்து, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரம் சதுரமாக வீதிகள் சுற்றி வருகின்றன, எந்த வீதியில் எது கிடைக்கும் என்பதும் தலைமுறைகளாக ஏறக்குறைய நிலைத்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோட்டில் நுழைந்தால், பழுதான கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே கிழக்கே நடக்கலாம். சங்கிலியின் கொக்கியைப் பற்ற வைக்கத் தெற்காவணி மூல வீதி, தைக்கக் கொடுத்த துணியை வாங்க, புதுமண்டபத்துக் கடைகள் இடம் மாறிப் போன குன்னத்தூர் சத்திரம், துணிமணிக்கு விளக்குத்தூண், மளிகைக்குக் கீழ மாசி வீதி. கனமான பையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்பதால் மளிகை எப்போதும் கடைசியில்தான். மேற்கில் தொடங்கிக் கிழக்கில் முடித்தால் ஒரே வீதியை இரண்டு தடவை மிதிக்க வேண்டியதில்லை. சித்திரை வீதிகளில் வண்டி போக முடியாது, மற்ற வீதிகளில் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஆகவே இரு சக்கர வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் பெரியார் நிலையத்தில் இறங்கிவிடுகிறேன். நவம்பர் மழைக்குக் குடை கட்டாயம் வேண்டும்.

கிழமையைப் பொறுத்தவரை, செவ்வாயும் புதனும் எனக்குச் சரியாக இருக்கின்றன. ஞாயிறு முழுக்க வங்கி மூடிக் கிடந்ததால் சேர்ந்த கூட்டமெல்லாம் திங்களன்று அங்கேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை எடுத்தால், ஏதாவது ஒரு கையெழுத்தோ நகலோ விட்டுப்போனால் மறுநாள் வங்கி விடுமுறைச் சனிக்கிழமையாக இருந்தால் போய்ச் சரிசெய்ய வழி இருக்காது. பல் மருத்துவரை மட்டும் இந்த நாளில் சேர்க்காதீர்கள். அங்கே காத்திருக்கும் நேரம் நம் கையில் இல்லை, மரத்துப்போன தாடையோடு மளிகைப் பட்டியலை வாசிப்பதும் சிரமம். பெரும்பாலான பல் மருத்துவர்கள் மாலையிலும் பார்க்கிறார்கள் என்பதால் அதற்கு விடுப்பே தேவைப்படாது.