ஏஜென்ட் போட்ட டிக், மகளின் கையெழுத்து

கேள்வி: என் மகள் கனடாவில் மேற்படிப்புக்காக ஒரு ஏஜென்ட் மூலம் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தாள். ஏஜென்டுக்கு மூன்று லட்சம் கொடுத்தேன். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. அதற்கு முந்தின வருடம் அமெரிக்க மாணவர் விசா நேர்காணலில் அவளுக்கு மறுத்துவிட்டார்கள். அதை ஏஜென்டிடம் சொன்னோம். "அதெல்லாம் போட வேண்டாம் சார், அது அமெரிக்கா, இது கனடா" என்று வாட்ஸ்ஆப் ஆடியோவில் சொன்னார். இப்போது, அந்த மறுப்பை ஏன் மறைத்தீர்கள், 30 நாளில் விளக்கம் தாருங்கள் என்று கனடா குடிவரவுத் துறையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடிதம் ஏஜென்டின் மின்னஞ்சலுக்குப் போனதால் எட்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரியும். பதிலையும் தானே தயார் செய்துவிட்டதாகச் சொல்கிறார். என் மச்சினன் மகன் இவளைவிட மதிப்பெண் குறைவு, அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. ஃபண்டு உட்பட எல்லாம் ஏஜென்ட் ஏற்பாடுதான். அவர் மீது போலீசில் புகார் கொடுக்கலாமா? விண்ணப்பத்தை வாபஸ் வாங்கி வேறு ஏஜென்ட் மூலம் போடலாமா? அடுத்து மகனையும் அனுப்ப எண்ணம். அவனுக்கு இது பாதிக்குமா?

பதில்: உங்கள் மச்சினன் மகனின் மதிப்பெண்ணும் அடகு நகையும் இந்த வழக்கில் எங்கும் வரப்போவதில்லை. ஏஜென்டின் துரோகமும் இப்போதைக்கு இரண்டாம்பட்சம்தான். சட்டத்தின் கண்ணில் இருப்பது ஒரே ஒரு கட்டம். "கனடாவிலோ வேறு எந்த நாட்டிலோ உங்களுக்கு விசா அல்லது பெர்மிட் மறுக்கப்பட்டதுண்டா?" என்று படிவம் கேட்டது. 'இல்லை' என்று பதில் போயிருக்கிறது. கீழே கையெழுத்து உங்கள் மகளுடையது.

கனடா குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, முக்கியமான விவரத்தைத் தவறாகச் சொன்னாலோ மறைத்தாலோ ஐந்து ஆண்டுத் தடை. இது வெறும் பெர்மிட் மறுப்பு இல்லை. அந்த ஐந்து ஆண்டும் மாணவராகவோ வேலைக்கோ, சாதாரணச் சுற்றுலா விசாவிலோகூட வழக்கமான முறையில் போக முடியாது. நிரந்தர வதிவுரிமைக்கு (பி.ஆர்.) விண்ணப்பிக்கவும் முடியாது. தவறான பதிலால் அதிகாரி ஏமாந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஏமாறக்கூடும் என்றாலே போதும். "முடிவெடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்களே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்ற வாதம் அங்கே எடுபடாது.

அமெரிக்கா வேறு கனடா வேறு என்று ஏஜென்ட் சொன்னாரே, இரண்டு நாடுகளும் விசா விண்ணப்ப விவரங்களைப் பகிர்ந்துகொள்ள 2012-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டன. உங்கள் மகள் கைரேகை வைத்த அன்றே அமெரிக்க நேர்காணல் விவரம் அதிகாரியின் கைக்கு எட்டிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த விண்ணப்பத்தில் பெர்மிட் வாங்கியே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 40-வது பிரிவு இல்லாமல் சாதாரண மறுப்பாக முடிந்தாலே இந்தக் கட்டத்தில் அது நல்ல முடிவு. சாதாரண மறுப்பு வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

வாபஸ் வாங்கித் தப்பிக்கலாம் என்பதை நம்பாதீர்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த பிறகு வாபஸ் கேட்டால், அதிகாரி அதை ஏற்றுக் கோப்பை மூடியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேறு ஏஜென்ட் மூலம் புதிதாகப் போட்டாலும் கைரேகை அதேதான்.

ஏஜென்ட் எழுதியிருக்கும் பதிலைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அதை இன்னும் அனுப்பவில்லை என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பதில்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன, எல்லாம் ஒரே அச்சு. "கேள்வி கனடாவை மட்டும் குறிக்கிறது என்று நினைத்துவிட்டேன்" என்று ஒரு வரி, "மன உளைச்சலில் இருந்தேன்" என்று ஒரு வரி, கடைசியில் "விண்ணப்பத்தில் உள்ள மற்ற விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று ஒரு வரி. முதல் வரி உண்மையல்ல என்று உங்கள் வாட்ஸ்ஆப் ஆடியோவே சொல்கிறது. முதல் பொய்யைத் திருத்தக் கிடைத்த இடத்தில் இரண்டாவது பொய்யை எழுதினால், ஓரளவு அனுதாபத்தோடு பார்க்கும் அதிகாரிகூட ஐந்து ஆண்டு எழுதிவிடுவார். கட்சிக்காரர்கள் பெரும்பாலும் விழுந்தது படிவத்தில் போட்ட டிக்கால் இல்லை, இந்தப் பதில் கடிதத்தால்தான்.

அந்தக் கடைசி வரி இன்னும் மோசம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் "ஃபண்டு உட்பட எல்லாம் ஏஜென்ட் ஏற்பாடு" என்று எழுதியிருக்கிறீர்கள். கியூபெக் தவிர மற்ற இடங்களுக்குத் தனியாகப் போகும் மாணவர், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக ஆண்டுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் 1 முதல் உள்ள கணக்கு. அது உங்கள் சேமிப்பா, வங்கிக் கல்விக் கடனா, இல்லை கணக்கில் சில வாரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போன பணமா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால், "மற்றவை எல்லாம் உண்மை" என்ற வரியில் உங்கள் மகள் கையெழுத்திட்டால் இன்னொரு தவறான தகவல் அவர் பெயரில் ஏறும். இதற்கு மேல் இந்த ஒரு விஷயத்தை எனக்குக் கடிதத்தில் எழுதாதீர்கள். பதில் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் நேரில், முழுதாகச் சொல்லுங்கள். பாதி சொன்னால் அவரும் பாதிப் பதில்தான் எழுதுவார்.

சரி, பதிலில் என்ன இருக்க வேண்டும்? அமெரிக்க மறுப்பு எந்தத் தேதி, எந்தத் தூதரகம், என்ன காரணம் என்பது ஒளிவு மறைவில்லாமல் வர வேண்டும். அங்கே கையில் கொடுத்த மறுப்புத் தாளை இணையுங்கள். மாணவர் விசாவில் அது பெரும்பாலும் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு என்று இருக்கும், தாயகம் திரும்புவார் என்று நம்பிக்கை வரவில்லை என்று பொருள். அது குற்றமோ மோசடியோ இல்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். அப்புறம் யார் படிவத்தை நிரப்பினார், மகள் என்ன சொன்னார், ஏஜென்ட் என்ன சொன்னார் என்பதை ஆடியோவின் எழுத்து வடிவம், பணம் கட்டிய ரசீது இவற்றோடு தேதிவாரியாக வையுங்கள். பதில் மகளுடைய வாயிலிருந்து வர வேண்டும். விண்ணப்பதாரர் நீங்கள் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள், இதைப் பலர் தேடுவதே இல்லை. படிவத்தில் 'இல்லை' என்று இருந்தாலும், நோக்க அறிக்கையிலோ (எஸ்ஓபி என்பார்களே, அதில்) வேறு இணைப்பிலோ அமெரிக்க நேர்காணலைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இருந்தால் அதுதான் உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய ஆதாரம். மறைக்க நினைத்தவர் இன்னொரு பக்கத்தில் தானே சொல்லியிருக்க மாட்டார் என்று வாதாடலாம்.

"ஏஜென்ட்தான் செய்தார், எங்களுக்குத் தெரியாது" என்பதைத் தனி வாதமாக நம்பி இறங்காதீர்கள். ஏஜென்ட் செய்தது விண்ணப்பதாரர் செய்ததாகவே கருதப்படும் என்பது கனடா ஃபெடரல் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்னது. நேர்மையாகவும் நியாயமாகவும் தவறாக நம்பியவருக்கு, விவரம் அவருடைய கட்டுப்பாட்டுக்கு அப்பால் இருந்தால், ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. நேர்காணலுக்கு நேரில் போய் மறுப்புத் தாளைக் கையில் வாங்கியவருக்கு அந்த வாசல் ரொம்பக் குறுகல். "படிக்காமல் கையெழுத்து போட்டேன்" என்பதை வாதமாக வைக்கிறார்கள். அது ஒப்புதல் வாக்குமூலம்.

பிறகு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போதைய பதிலை லேசாக எழுதுவதும் வழக்கமாக நடக்கிற தவறு. வெளிநாட்டில் இருப்பவருக்கு எதிரான முடிவானால், அது தெரிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள், அதை மறுஆய்வு செய்யச் சொல்லி ஃபெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நீதிபதி பார்ப்பது அதிகாரி முன் இருந்த காகிதங்களைத்தான். இன்று வைக்காத ஆடியோவை அன்று வைக்க முடியாது. ஜெயித்தாலும் நீதிமன்றம் பெர்மிட் கொடுக்காது. வேறு அதிகாரி மறுபடி பாருங்கள் என்று அனுப்பும். விசாரணைக்கு முன்பே அரசுத் தரப்பு, முடிவை ரத்து செய்து வேறு அதிகாரியிடம் அனுப்புகிறோம் என்று சமரசத்துக்கு வருவதும் உண்டு. வந்தால், தீர்ப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஏஜென்ட். போலீஸ் புகார் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை, ஆனால் இந்த வாரம் வேண்டாம். காரணம் கருணை இல்லை. ஆன்லைன் கணக்கு அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கடவுச்சொல்லில் இருக்கிறது. புகார் போன மறுநாள் அவர் ஃபோனை எடுக்க மாட்டார், உங்கள் 30 நாளில் மிச்சமிருப்பதும் ஓடிவிடும். சமாதானமாகப் பேசி முதலில் மூன்றை வாங்குங்கள்: கணக்கின் கடவுச்சொல், சமர்ப்பித்த எல்லாத் தாள்களின் நகல், படிவத்தை நிரப்பியது நான்தான் என்று அவர் எழுத்தில் தரும் ஒரு கடிதம். பணம் நான்காவது. நாள் போதாது என்றால், கெடு முடியும் முன்பே, காரணம் சொல்லி அவகாசம் கேட்டு எழுதுங்கள். தொடர்பு மின்னஞ்சலை மகளுடையதாக மாற்றக் கேட்டும் துறைக்கு எழுதுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை தருவதற்கு கனடாவில் பதிவுபெற்ற வழக்கறிஞர்கள், ஒன்டாரியோவின் உரிமம் பெற்ற பாராலீகல்கள் (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்கள்), கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர்களுக்கான 'காலேஜ்' என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினர்கள் ஆகியோருக்குத்தான் அதே கனடா சட்டத்தின் 91-வது பிரிவு அனுமதி தருகிறது. உங்கள் ஏஜென்டின் பெயர் விண்ணப்பத்தில் பிரதிநிதியாகவே இருக்காது என்று நினைக்கிறேன். அதாவது கோப்பைப் பார்த்தால் மகள் தானே நிரப்பியது போலத்தான் தெரியும். அந்த எழுத்துக் கடிதத்தை மூன்று லட்சத்துக்கு மேல் நான் மதிப்பது இதனால்தான்.

பாதிப் பணம் திருப்பித் தருகிறேன் என்று அவர் ஒரு ஒப்பந்தத் தாளை நீட்டுவார். எடுத்துக்கொள்ளுங்கள், பாதிக்கே சரி என்று சொல்கிறேன். மீதிக்காக நுகர்வோர் ஆணையத்தில் வருடக்கணக்கில் அலைவதைவிட அது லாபம். அந்த வழி வேண்டுமானால் இரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது, அவசரமில்லை. ஆனால் அந்தத் தாளை வரி வரியாகப் படியுங்கள். "சமர்ப்பித்த ஆவணங்களும் விவரங்களும் விண்ணப்பதாரரே கொடுத்தவை" என்று நடுவில் ஒரு வரி இருக்கும். அதை அடிக்காமல் கையெழுத்து வேண்டாம். அடிக்க மறுத்தால் பணமும் வேண்டாம்.

கல்லூரிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் முன் அந்தக் கல்லூரியின் ரீஃபண்ட் விதியைப் பாருங்கள். பெர்மிட் மறுக்கப்பட்டால் நிர்வாகச் செலவு கழித்து மிச்சத்தைத் தருகிற பல கல்லூரிகள், தவறான தகவலால் மறுக்கப்பட்டால் தர மாட்டோம் என்று எழுதி வைத்திருக்கின்றன.

மகனுக்கு இந்தத் தடை ஒட்டாது, அது விண்ணப்பதாரரோடு நிற்கிறது. அவருடைய கணக்கை அவர் மின்னஞ்சலிலேயே திறக்கச் சொல்லுங்கள்.