ஊசிப் போதை எடுக்கும் என் தம்பி, டாக்டர் சீட்டில் வாங்கிய தூக்க மாத்திரையும் போடுகிறான். சீட்டு இருப்பதால் பயமில்லைதானே?

பயம் உண்டு. சீட்டு இருப்பதால் அது குறையாது.

மார்த்தாண்டம் பக்கம் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். எங்கள் ஊரில் இதை உறக்கக் குளிகை என்பார்கள். ஒரு பையன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு வருவான். "ரெண்டு நாளா உறக்கமே இல்லண்ணா" என்று சீட்டை நீட்டுவான். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டிய சீட்டு. காசு எண்ணும்போது பார்த்தேன், புறங்கை பன் மாதிரி வீங்கியிருந்தது. ஊசி போடுகிறவன் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இந்தக் குளிகைகள் 2014 முதல் எச்1 பட்டியல் மருந்துகள், அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை; வாங்குபவர் பெயரை எழுதி மூன்று வருடம் வைக்க வேண்டும். அந்த நோட்டில் அவன் பெயர் என் கையெழுத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு அறுக்கிறது.

அவன் பொய் சொல்லவில்லை. ஹெராயினோ வலி மாத்திரையோ தந்த போதை இறங்கும்போது உறக்கம் நிஜமாகவே போய்விடும். அதற்குத்தான் நைட்ரசெபாம், அல்பிரசோலம் என்று உறக்கக் குளிகைகளைத் தேடுகிறார்கள். ஆனால் ஊசி, மாத்திரை இரண்டுமே மூச்சை மந்தப்படுத்தும். தனித்தனியாகத் தாங்கிய அளவை, சேர்ந்தால் உடம்பு தாங்காது. நேற்றுப் போட்ட டயசெபாம் குளிகைகூட இன்றைய ஊசியோடு சேரும்.

அவன் அம்மா பிறகு வந்து சொன்னார்: "நல்லா குறட்டை விட்டு உறங்குகான், இன்னைக்காவது உறங்கட்டும்னு போர்வையப் போத்திவிட்டேன் மக்களே." அது உறக்கம் இல்லை, மூச்சு அடைபடும் சத்தம். உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பிழைத்துவிட்டான்.

தட்டி எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். என்னென்ன போட்டான் என்பதை மறைக்காதீர்கள். நலோக்சோன் ஊசி ஹெராயின் வகையைத்தான் முறிக்கும், தூக்க மாத்திரையை முறிக்காது. மாத்திரையைக் கரைத்து ஏற்றுகிறானா என்றும் கேளுங்கள். அதிலுள்ள மாவும் டால்க்கும் ரத்தக்குழாயை அடைத்தால் விரலே அழுகிப்போகலாம்.

அப்புறம், கோபத்தில் மாத்திரையைப் பிடுங்கி எறியாதீர்கள். மாதக்கணக்காகப் போட்டவருக்குத் திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். மனநல மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். ஊசிக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் சிகிச்சை அரசுத் திட்டத்தில் இலவசம். அதோடும் தூக்க மாத்திரை சேரக் கூடாது, அதனால் இரண்டையும் சொல்லியாக வேண்டும். எங்கே போவது என்று 14446இல் கேட்கலாம், கட்டணம் கிடையாது.

சீட்டு எழுதிய டாக்டருக்கு ஊசி விஷயம் தெரியுமா? தெரியாதென்றால் நாளைக் காலையே தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.