டீச்சரிடம் கேளுங்கள்: "எந்தத் தெருப் பையன்?"

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிள்ளைகளைப் பற்றியவை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு 71 வயது. பேரனுக்குப் பத்து வயது. சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொன்னால், "அதெல்லாம் அக்கா வேலை" என்கிறான். வீட்டில் யாரும் அவனுக்கு இப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில்தான் கற்றிருக்க வேண்டும். எப்படித் திருத்துவது?
- ஒரு தாத்தா, கும்பகோணம்

ஐயா, யாரும் வாயால் சொல்லியிருக்க மாட்டீர்கள், நம்புகிறேன். ஆனால் அவன் பார்த்திருப்பான். நீங்களும் உங்கள் மகனும் சாப்பிட்டு எழுந்த பிறகு உங்கள் தட்டுகள் எங்கே போகின்றன, யார் கையில் போகின்றன என்று இன்று ராத்திரி கவனியுங்கள்.

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 72 சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அவர்களைத் தனியாக விட்டபோது அதே அடி, அதே உதை, அந்தப் பெரியவர் சொன்ன அதே வார்த்தைகள். அடி உதை விஷயத்தில் பையன்கள், ஒரு பெண் செய்ததைவிட ஓர் ஆண் செய்ததையே அதிகமாகத் திருப்பிச் செய்தார்கள். அதனால் உங்கள் மருமகள் நூறு தடவை சொல்வதைவிட நீங்கள் ஒரு வாரம் எழுந்து போய்த் தட்டைக் கழுவினால் பலன் இருக்கும். முட்டி வலி என்றால் "வாடா, ரெண்டு பேரும் கழுவுவோம்" என்று அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் பேத்தி எழுந்து வந்தால் உட்காரச் சொல்லுங்கள்.

மகன் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு மாதமாக வலது கையில் இரண்டு நிறக் கயிறு கட்டியிருக்கிறான். "எங்க செட்டுப் பசங்க எல்லாரும் கட்டியிருக்கோம்" என்கிறான். கழற்றச் சொன்னால் சாப்பிட மறுக்கிறான். அவன் அப்பா, "சாமிக் கயிறுதானே, விடு" என்கிறார். எங்கள் வீட்டில் சாதி பேசுவதே கிடையாது. இவனுக்கு இது எங்கிருந்து வந்தது? பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், சங்கரன்கோவில் அருகில்

அம்மா, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தென் மாவட்டங்களில் 31 வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். சாமிக் கயிறு எது, சாதி நிறத்தில் கட்டுகிற இந்தக் கயிறு எது என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது. ஒரு நாள் பத்தாம் வகுப்புக்குள் கத்தரிக்கோலோடு போனேன். பதினான்கு பையன்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவன் கயிற்றையும் வெட்டி மேசை மேல் போட்டேன். வேர்வையில் ஊறிப் பிசுபிசுத்துக் கிடந்தது அந்தக் குவியல். வெயிலில் கறுத்த மணிக்கட்டுகளில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளிறி வளையம் போலத் தெரிந்தது. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இருபது பேர் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதுவரை கட்டாத ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். "டீச்சர் நம்ம ஆளுங்கள அவமானப்படுத்திட்டாங்க" என்று ஊருக்குள் பேச்சு. அந்த ஆறு பேரில் ஒருவன் கடைசி பெஞ்சுப் பையன், யாரோடும் வம்புக்குப் போகாதவன். தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு எதுக்குடா இது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "இது இல்லன்னா மத்தியானம் சாப்பிட உக்கார இடம் இல்ல டீச்சர்."

உங்கள் மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, பாதி பதில் இதில் இருக்கிறது. பதினாலு வயதில் பிள்ளைக்குச் சாப்பாட்டு வரிசையில், சைக்கிள் கூட்டத்தில், கபடி செட்டில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு டிக்கெட்டாக எதைக் கேட்கிறார்களோ அதை வாங்கிக் கட்டிக்கொள்வான். நாளைக்கு வேறு எதைக் கேட்டாலும் செய்யக்கூடும் என்பதுதான் நம் கவலை.

1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முஸாஃபர் ஷெரிஃப் என்ற ஆய்வாளர் ஒரு கோடை முகாம் நடத்தினார். 11 வயதை ஒட்டிய 22 பையன்கள். எல்லாரும் ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரி வசதி. ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. அவர்களை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகத் தங்கவைத்தார். ஒரு குழு தனக்குப் பாம்பின் பெயரை வைத்துக்கொண்டது, இன்னொன்று கழுகின் பெயரை. ஆளுக்கொரு கொடி. பிறகு பரிசுக்குப் போட்டி வைத்தார்கள். சில நாளில் ஒரு குழுவின் கொடியை இன்னொரு குழு எரித்தது. ஒருவர் தங்கிய இடத்துக்குள் ஒருவர் புகுந்து சாமான்களைக் கலைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குள் பிறப்பால் எந்த வேறுபாடும் இல்லை. ஒரு பெயரும் ஒரு கொடியும் ஒரு போட்டியும் போதுமாக இருந்தது. பெரியவர்கள் வேண்டுமென்றே மூட்டிவிட்டார்கள் என்று அந்த ஆய்வின் மீது பின்னாளில் விமர்சனம் வந்தது. எனக்கு அந்த விமர்சனம்தான் முக்கியமாகப் படுகிறது. நம் ஊரிலும் பெரியவர்கள்தானே மூட்டுகிறார்கள்?

கோவில் கொடை விழாவுக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் ஃபிளெக்ஸ் வைப்பவர்கள் பெரியவர்கள். அதில் மீசை முளைக்காத பையன்களின் போட்டோவை வரிசையாகப் போட்டு, பெயருக்குக் கீழே பட்டம் கொடுப்பவர்களும் பெரியவர்களே. பள்ளிக்கூடத்தில் பேர் தெரியாமல் கிடக்கும் பையன், பஸ் ஸ்டாண்டில் தன் முகம் பத்தடி உயரத்தில் நிற்பதைப் பார்க்கிறான். அதே படம் அன்று ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிறது. மறுநாள் அரிவாள் படமும் பாட்டும் வைத்து ஒரு ரீல்ஸ்.

இனி மீதிப் பாதி பதில். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டில் சாதி பேசுவதே கிடையாது என்கிறீர்கள். உங்கள் மகன் ஒரு புதுச் சிநேகிதன் பெயரைச் சொன்னால் அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள்? "எந்தத் தெருப் பையன்?" என்றா? நான் கேட்டிருக்கிறேன். என் மகன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவன் பதில் சொன்னான். நான் ஒன்றும் சொல்லாமல் "ம்" என்றேன். அதற்கப்புறம் அந்தப் பையன் பெயரை அவன் எங்கள் வீட்டில் சொல்லவே இல்லை. சாதி என்ற வார்த்தையை நானும் உச்சரிக்கவில்லை, அவனும் உச்சரிக்கவில்லை. ஆனால் பாடம் நடந்து முடிந்துவிட்டது. தேங்காய் பறிக்க வருகிறவருக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறீர்கள், அந்த டம்ளர் பிறகு எங்கே கவிழ்த்து வைக்கப்படுகிறது என்பதையும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

இது எங்கே போய் முடிகிறது என்று நாம் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியலின மாணவன் ஒருவனை, அதே பள்ளிப் பையன்கள் ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவன் மீண்டு வந்து பொதுத்தேர்வு எழுதி 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். அவனை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள் என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. நிறக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது, சைக்கிளில் சாதி நிறம் பூசக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் வேண்டாம் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கயிறு பற்றி 2019-லேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்புக் கிளம்பியதும் அடங்கிப்போனது. உத்தரவு வேண்டும்தான். ஆனால் வீட்டுக்குள் உத்தரவு வராது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கயிற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிடுங்கினால் கணுக்காலுக்குப் போகும். சாக்ஸுக்குள் கட்டிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், கட்டாதவர்களை அந்தச் செட்டு என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஒரே நாளில் சொல்ல மாட்டான். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதோ பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதோ சொல்வான், முகம் பார்க்காத நேரத்தில்தான் இந்த வயசுப் பையன்கள் வாய் திறப்பார்கள். அப்பாவைப் பேச வையுங்கள். அவர் "விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்வரை உங்கள் பேச்சு எடுபடாது.

அப்புறம் அவனுக்கு வேறோர் இடம் வேண்டும். அந்த ஓக்லஹோமா முகாமில் இரண்டு குழுவையும் சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், சினிமா காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, சாப்பாட்டைத்தான் ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். தண்ணீர் வருவது நின்றபோது தொட்டியையும் குழாயையும் சேர்ந்து சோதித்தார்கள். நின்றுபோன லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அதற்குப் பிறகுதான் பகை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ஊருக்குப் போகும்போது ஒரே பஸ்ஸில் போனார்கள். உங்கள் மகனுக்கும் எல்லாத் தெருப் பையன்களும் சேர்ந்து வியர்க்கிற ஒரு வேலை வேண்டும். பள்ளியில் என்.சி.சி., சாரணர், ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்), வாலிபால் அணி எதுவாக இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, கயிறு என்று ஆரம்பிக்காமல், "இவனை எந்த டீமிலாவது போடுங்க சார்" என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும். அவன் போனிலோ பேச்சிலோ "பாத்துக்கிறோம்", "செய்றோம்" என்கிற மாதிரி ஒருவனைக் குறிவைத்த பேச்சு வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் போங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். எதிர்த் தெருவிலும் ஒரு தாய் இதே பயத்தோடு இருப்பாள்.

ஆறு வயது மகள் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, "நான் கறுப்பு, என்னை இளவரசியா போட மாட்டாங்க" என்று அழுகிறாள். "கறுப்புதான் அழகு" என்று நான் தினமும் சொல்லியும் நம்ப மறுக்கிறாள்.
- ஓர் அப்பா, தாம்பரம்

தம்பி, தினமும் சொல்கிறீர்களே, அதனாலும் இருக்கலாம். ஆறுதல் சொல்லும் குரலைக் குழந்தைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆறுதல் சொல்கிறார்கள் என்றால் நம்மிடம் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, நிறம் தவிர எல்லாம் ஒன்றாக இருக்கிற பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். "உன்னை மாதிரி இருப்பது எது?" என்ற கேள்விக்குச் சில குழந்தைகள் அழுதுகொண்டு எழுந்து போனார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டியது. நம் ஊரில் 'ஃபேர் அண்டு லவ்லி' தன் பெயரை 'க்ளோ அண்டு லவ்லி' என்று மாற்றிக்கொண்டதே 2020-ல்தான்.

"வெயில்ல ஆடாத, கறுத்துடுவ" என்று உங்கள் வீட்டில் யார் சொல்வது? அம்மாவா, அத்தையா, மாடி வீட்டுப் பாட்டியா? பாசமாகத்தான் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் நிறுத்துங்கள். பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் "கலர் கொஞ்சம் கம்மி" என்று பேசும்போது பிள்ளை பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். பள்ளி நாடகத்துக்குப் போன வருஷம் இளவரசி வேஷம் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஆசிரியையிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் மகள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் அல்லவா?

உயிர்த்தோழி வீட்டுக்கு ரெக்கார்டு நோட்டு வாங்கப் போனேன். அவள் பாட்டி என்னை வாசலிலேயே நிற்கச் சொல்லி, ஜன்னல் வழியாக நோட்டைக் கொடுத்தார். தோழி தலையைக் குனிந்துகொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. நான் செய்தது சரியா டீச்சர்?
- பிளஸ் ஒன் மாணவி, ஊர் பெயர் வேண்டாம்

சரிதான் கண்ணு. வலித்தது, பேசவில்லை. இதில் தப்பு எதுவும் இல்லை. அந்தப் பாட்டி செய்ததற்குப் பெயர் தீண்டாமை. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு அதை ஒழித்துவிட்டது. அந்த வாசலில் நின்ற வெட்கம் உன்னுடையது இல்லை, அதை நீ வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதே.

உன் தோழி சின்ன வயதிலிருந்தே அந்த ஜன்னலைப் பார்த்து வளர்ந்தவள். பாட்டி தலை குனியவில்லை, அவள் குனிந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நடந்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, வாய் திறக்கத் தெரியவில்லை. அதற்காக நீ போய்ச் சமாதானம் பேச வேண்டியதில்லை. அவள் வந்தால் மழுப்பாமல் சொல்: "உங்க பாட்டி என்னை வெளிய நிறுத்தினப்ப நீ சும்மா இருந்த." பிறகு அவள் என்ன சொல்கிறாள் என்று கேள். "பாட்டி அப்படித்தான், விடு" என்றால் பழையபடி பழக வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. அழுதாலோ, பதில் தெரியாமல் நின்றாலோ கொஞ்ச நாள் கொடுத்துப் பார்.

அந்த வீட்டுக்கு மட்டும் இனி போகாதே. ரெக்கார்டு நோட்டைப் பள்ளியிலேயே வாங்கிக்கொள். அவள் வந்து பேசினாளா இல்லையா என்று எனக்கு எழுது. பேர் போட வேண்டாம், கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.