முன் பிரேக்கை மாற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2003 மாடல் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். இருக்கிறது. முன்னால் 294 மி.மீ. டிஸ்க், இரண்டு பிஸ்டன் காலிப்பர் (உராய்வுப் பட்டையான பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கவ்வி), 17 அங்குல ரிம். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டினால் மூன்றாவது, நான்காவது சுற்றிலேயே பிரேக் போய்விடுகிறது. இதே காரின் வேக ரகமான எஸ்.டி.ஐ. மாடலின் பிரெம்போ நிறுவனக் காலிப்பர் செகண்ட் ஹேண்டில் விலைக்கு வருகிறது. வாங்கிப் போடலாமா?
– கிள்ளான் வாசகர்

பதில்: காலிப்பருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் போகும்போது பெடல் எப்படி இருக்கிறது? மெத்தென்று தரைவரை இறங்கினால் கொதித்துப்போனது பிரேக் ஆயில். ஆயில் அமுங்காது, ஆவிக்குமிழி அமுங்கும். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் கல் மாதிரி நின்று, எவ்வளவு அழுத்தியும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் தாங்காமல் போனது பேட். பேடைப் பிணைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடாகி வாயு விடுகிறது, உராய்வு விழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் இரண்டிலுமே முதல் செலவு காலிப்பர் அல்ல.

செப்பாங் பிரேக்கைப் பாடாய்ப் படுத்தும் டிராக். 5.543 கி.மீ. சுற்றில் இரண்டு நீண்ட நேர்பாதைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றின் முடிவில் 15ஆவது வளைவு, மற்றதன் முடிவில் முதல் வளைவு. இரண்டுமே வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டிய இடங்கள். 1,400 கிலோ கார் ஒன்று 200 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால் சுமார் 18 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும். அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போவதாக வைத்தால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 6.3 லட்சம் ஜூல். டிஸ்க் 7 கிலோ இரும்பு என்றால், அந்த ஒரே மிதியில் ஏறக்குறைய 190 டிகிரி சூடு ஏறும். அது ஆறி முடிப்பதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். அதே சூட்டை 9 கிலோ டிஸ்க் வாங்கிக்கொண்டால் ஏற்றம் 145 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

பெரிய பிரேக்கின் பயன் இந்த வித்தியாசம்தான். வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயர். இப்போதுள்ள பிரேக்கை மிதித்தே ஏ.பி.எஸ்.ஸை (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்ய வைக்க முடிகிறது என்றால், டயரின் பிடிமானத்தை முழுக்கப் பயன்படுத்திவிட்டீர்கள். பிரெம்போ போட்டாலும் முதல் சுற்றில் தூரம் குறையாது. பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே நிற்கும் என்பதுதான் லாபம். டிராக்கில் அது பெரிய விஷயம்.

ஆகவே முதலில் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் ஆயிலின் தரக்குறிகளில் ஒன்றான டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் 155 போதும் என்கிறது அதே தரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மலேசியாவின் ஈரக்காற்றில் இரண்டு வருடம் கிடந்த ஆயிலோடு டிராக்கில் இறங்கவே கூடாது. மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 போன்ற ரேஸ் ஆயில், புதிதாக இருக்கும்போது 312 டிகிரிவரை தாங்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர் வாங்கினால் போதும். டாட் 5 என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். அது சிலிக்கான், உங்கள் வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது சேரும்.

அடுத்தது பேட். ஃபெரோடோ டி.எஸ். 2500 போல சாலைக்கும் டிராக்குக்கும் இடைப்பட்ட பேடில் ஆரம்பியுங்கள். முழு ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. காலையில் வீட்டுத் தெருமுனையில் நிற்க வேண்டிய வண்டிக்கு அது ஆபத்து.

இவ்வளவும் செய்து, இன்னும் நான்கு சுற்றில் பிரேக் தளர்ந்தால் பிரெம்போ நியாயமான செலவு. எஸ்.டி.ஐ.யின் முன் டிஸ்க் 326 மி.மீ. விட்டம், 30 மி.மீ. தடிமன். முன் காலிப்பர் உங்கள் வண்டியின் நக்கிளிலேயே (சக்கரத்தைத் தாங்கும் பகுதி) நேராக உட்காரும். டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டுக் கவசத்தை மட்டும் வெட்டவோ கழற்றவோ வேண்டும். பலர் ஏமாறுவது டிஸ்க்கில். 2005 மாடலிலிருந்து எஸ்.டி.ஐ.யின் ஹப் (டிஸ்க்கும் ரிம்மும் பொருந்தும் நடுப்பகுதி) 5×114.3 துளை அமைப்புக்கு, அதாவது 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்டுக்கு, மாறிவிட்டது. உங்கள் ஹப் 5×100. காலிப்பரோடு சேர்த்து விற்கும் டிஸ்க் பிந்தைய மாடலுடையது என்றால் போல்ட்டில் ஏறாது. 5×100 துளையிட்ட 326 மி.மீ. டிஸ்க்கையே கேட்டு வாங்குங்கள். 17 அங்குல ரிம்மிலும் சிலவற்றின் ஸ்போக் காலிப்பரில் உரசும். விலை பேசும் முன் ரிம்மைக் கழற்றிக் காலிப்பர்மேல் வைத்துப் பாருங்கள். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும்.

பழைய காலிப்பரை வாங்கும்போது பெயிண்ட்டைப் பாருங்கள். தங்க நிறம் கருகிப் பழுப்பாகியிருந்தால் நிறைய வெந்த காலிப்பர், சீல் கிட்டின் (பிஸ்டனின் ரப்பர் வளையங்கள்) விலையையும் சேர்த்துப் பேசுங்கள். காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிள் நான்கையும் திருகிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், அலுமினியத்தில் மரை போயிருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பின் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் முன் டயர் சீக்கிரம் லாக் ஆகும், பின் டயரின் பிடிமானம் வீணாகும், நிற்கும் தூரம் கூடவும் கூடும். பின்னாலும் அதே ரகப் பேட் போடுவது பாதியாவது சரிக்கட்டும்.

கேள்வி: நான்கு பிஸ்டன் காலிப்பர் மாட்டியாகிவிட்டது. மூன்று முறை ஏர் எடுத்தும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பெடல் பாதிவரை இறங்குகிறது. பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
– ஜொகூர் வாசகர்

பதில்: முதலில் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து காலிப்பரைப் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா? இடது வலது மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேதான் தங்கும், முப்பது முறை எடுத்தாலும் வெளியே வராது. அளவு வேறுபட்ட பிஸ்டன்கள் உள்ள காலிப்பரில் இன்னொரு கெடுதலும் உண்டு: டிஸ்க் சுழன்று நுழையும் பக்கத்தில் சின்னப் பிஸ்டன் இருக்க வேண்டும். மாறிப்போனால் பேட் ஒரு பக்கமாகச் சரிவாகத் தேயும்.

நிப்பிள் சரியாக இருந்தால், ஒவ்வொரு காலிப்பரிலும் வெளிப்பக்க நிப்பிளில் முதலில் எடுத்து, பிறகு உள்பக்கம் எடுங்கள். ஆயில் டப்பா ஒருமுறைகூடக் காலியாகக் கூடாது. காலியாகியிருந்தால் காற்று ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் போயிருக்கும்; ஸ்கேனரை மாட்டிப் பம்ப்பை ஓடவிட்டு எடுக்க வேண்டும். ஹோஸ் முனையில் பழைய செப்பு வாஷரையே போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுபடி சரியாக அடைக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் பெடல் நீளமாகவே இருந்தால்தான் மாஸ்டர் சிலிண்டர் பேச்சு. 1 அங்குலத்திலிருந்து 1 1/16 அங்குலத்துக்குப் போனால் ஒரே மிதிக்கு 13 சதவீதம் கூடுதல் ஆயில் தள்ளும், பெடல் உயரும். ஆனால் அதே விசைக்கு அழுத்தம் 11 சதவீதம் குறையும், கால் பலமாக அழுத்த வேண்டிவரும். காற்று மிச்சமிருக்கும் பிரேக்கை இப்படி மறைக்கப் பார்ப்பது தப்பு.

கேள்வி: ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். காரில் புது டிஸ்க், புது பேட் போட்டேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டிய பிறகு 100க்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கொடுக்கலாம் என்கிறார் மெக்கானிக்.
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: டிஸ்க் வளைவது மிக அரிது. சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். டிராக்கை விட்டு வந்ததும் பெடலை மிதித்தபடியே நிறுத்தினீர்களா? பேடின் வடிவம் அப்படியே டிஸ்க்கில் பதிந்திருக்கும்.

அடுத்த சந்தேகம் ஹப். டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் முகத்தை வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய துருப்படலம், டிஸ்க்கின் விளிம்பில் பெரிதாகி ஆட்டமாகத் தெரியும். டிஸ்க்கை எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கி, டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துச் சுழற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள்.

பிறகு பேடை டிஸ்க்கோடு பழக்குங்கள். காலியான சாலையில் 100லிருந்து 30 வரை, நிறுத்தாமல், நடுத்தர அழுத்தத்தில் எட்டிலிருந்து பத்து முறை. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். லேசான திட்டு இதிலேயே போய்விடும். போகாவிட்டால் லேத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் டிஸ்க்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: துளையிட்ட டிஸ்க், கோடிட்ட (மேற்பரப்பில் பள்ளக்கோடு வெட்டிய) டிஸ்க், எது வாங்கலாம்?
– மதுரை வாசகர்

பதில்: டிராக்குக்குத் துளையிட்டது வேண்டாம். துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடும். கோடிட்டது பரவாயில்லை, பேட் கொஞ்சம் வேகமாகத் தேயும். நல்ல தரத்தில் சாதா டிஸ்க் கிடைத்தால் அதுவே போதும்.

கேள்வி: பேடின் ஓரத்தில் எஃப்.எஃப்., ஜி.ஜி. என்று அச்சிட்டிருப்பது என்ன?
– பெங்களூரு வாசகர்

பதில்: உராய்வு எண்ணின் குறி. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை, ஜி 0.45 முதல் 0.55 வரை. இரண்டாம் எழுத்து முதல் எழுத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட் சூட்டில் தளரும், டிராக்குக்கு வாங்காதீர்கள். ஆனால் எழுத்து ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு பேட் ஒரே சூட்டைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. அதற்குத் தயாரிப்பாளர் தரும் வெப்பநிலை வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.