எஞ்சின் பூட்டுகிறவனுக்குக் கணக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: மகனுக்கு வயது 14, தரம் 9. போன தவணை கணக்கில் 31 புள்ளி. போனில் ஏதோ ஐக்யூ சோதனை செய்துவிட்டு, "எனக்கு 84 தானாம் அம்மா, இனிப் படிச்சு என்ன" என்று புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் மாமாவின் படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கழற்றிப் பூட்டுவது இவன்தான். இவனுக்குப் புத்தி குறைவா?
— ஒரு தாய், நிலாவெளி, திருகோணமலை

பதில்: இல்லை அம்மா. அந்த 84ஐ முதலில் தூக்கிப் போடுங்கள். சரியான சோதனையைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்துதான் செய்வார். 6 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கு உலகமெங்கும் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பு, மொத்தப் புள்ளியோடு சொல்லறிவு, உருவங்களை மனதில் திருப்பிப் பார்ப்பது, புதிய சிக்கலை அவிழ்ப்பது, கேட்டதை மனதில் பிடித்து வைத்து வேலை செய்வது, வேகம் என்று ஐந்தையும் தனித்தனியாகக் காட்டும்.

ஒன்றில் கெட்டிக்காரப் பிள்ளை மற்றதிலும் ஓரளவு நன்றாகச் செய்யும் என்பது உண்மைதான், 1904இலேயே உளவியலாளர் ஸ்பியர்மன் அதைக் காட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத்திறன் இருக்கிறது என்றார். பிறகு வந்த கெட்டல் என்ற இன்னொரு உளவியலாளர் அதை இரண்டாகப் பிரித்தார்: முன்பின் தெரியாத சிக்கலை யோசித்து அவிழ்க்கும் திறன் ஒன்று, படித்துப் பழகிச் சேர்ந்த அறிவு இன்னொன்று. பிளக்கைத் துடைத்து, பெற்றோல் வருகிறதா என்று குழாயைப் பார்த்து, எது பிழை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகிறானே, அதில் இரண்டுமே இருக்கின்றன. கணக்கில் சேர வேண்டியது எங்கோ விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அதோடு, இந்த வயதில் ஐக்யூ புள்ளி ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. லண்டனில் 33 பிள்ளைகளைப் 12 முதல் 16 வயதுக்குள் ஒருமுறையும் மூன்று நான்கு வருடம் கழித்தும் சோதித்தார்கள், சிலருக்கு 20 புள்ளி வரை ஏறியிருந்தது, சிலருக்கு இறங்கியிருந்தது, மூளைப் படத்திலும் அதற்கேற்ற மாற்றம் தெரிந்தது (2011இல் வெளியானது). சிறிய ஆய்வுதான், ஆனாலும் 14 வயதில் ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்தக்கூடாது என்பதற்கு எனக்கு இது போதும்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். வசனக் கணக்கு ஒன்றை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். கேட்டதும் செய்தால் சிக்கல் வாசிப்பில் இருக்கலாம், கண்ணையும் ஒருமுறை காட்டுங்கள். பாதியில் தொலைத்தால் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிச் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அசையவில்லையா, தரம் 6 புத்தகத்தை எடுத்துப் பின்னத்திலிருந்து தொடங்குங்கள். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.