ஆறு கட்டங்கள் உள்ள பை

"வீடியோ கேம்கள் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தன? இணையத்தில் வாசிப்பதை எப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள்?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுக்கும் ஒரே பதில்தான்: ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ கேம்.

1996-இல் வந்த முதல் பாகத்தைச் சொல்கிறேன். அதில் கிறிஸ், ஜில் என்ற இரண்டு பாத்திரங்களில் ஒருவராக ஆடலாம். கிறிஸாக ஆடினால் ஆறு பொருள்களுக்குத்தான் பையில் இடம். ஜில்லாக ஆடினால் எட்டு. துப்பாக்கிக்கு ஒரு கட்டம், தோட்டாவுக்கு ஒன்று, காயத்துக்குப் போடும் பச்சிலைக்கு ஒன்று. ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சு இயந்திரத்துக்கு மை நாடா வேண்டும், அதுவும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பை நிறைந்திருக்கும்போது ஒரு சாவி கண்ணில் பட்டால் எடுக்க முடியாது. திரும்பிப் போய், பெட்டி இருக்கும் அறையில் எதையாவது வைத்துவிட்டு வரவேண்டும். அந்த நடை எரிச்சலாக இருக்கும். ஆனால் கிளம்பும் முன் 'இப்போது எதற்காகப் போகிறேன், அதற்கு எது வேண்டும்?' என்று கேட்டுக்கொள்ள என்னைப் பழக்கியது அதுதான்.

இணையத்தில் அந்தப் பை எனக்கு இல்லை. 'அப்புறம் படிக்கலாம்' என்று சேமித்துக்கொண்டே போனேன். ஒருநாள் பட்டியலை அடிவரை இழுத்துப் பார்த்தேன், எழுநூறைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கை கூடப் பரவாயில்லை. படித்துவிட்டதாக நான் நம்பிய ஒரு கட்டுரை பாதியில் நின்றிருந்தது. அதை வைத்துத்தான் ஒரு நண்பரிடம் வாதாடியிருந்தேன். மீதியைப் படித்தால், எழுதியவரே கடைசியில் நான் சொன்னதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்திருக்கிறார். நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

அன்று முதல் என் கைபேசியில் ஆறே கட்டுரைகள். ஏழாவது வேண்டுமென்றால் ஒன்றைப் படித்து முடிக்கவேண்டும், இல்லை விட்டுவிடவேண்டும். பெட்டியும் ஒன்று உண்டு: சாதாரண எழுத்துக் கோப்பு. இணைப்பை அதில் போடும்போது 'ஏன்' என்று பக்கத்தில் ஒரு வரி எழுதியாகவேண்டும். பாதிக்குப் பாதி இணைப்புகளுக்கு அந்த வரி வரவே வராது, அதனால் அவை உள்ளே போவதில்லை. படிப்பதை நடுவில் நிறுத்தினால், எங்கே நிறுத்தினேன், அதுவரை என்ன புரிந்தது என்று ஒரு வரி. மை நாடாவிலிருந்து வந்த வழக்கம் இது.

இன்னொன்று, கதவு. அந்த ஆட்டத்தில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி வரும். அடுத்த அறை லோட் ஆவதற்காக வைத்தது, ஆனாலும் அங்கே மூச்சு விட நேரம் கிடைக்கும். பழைய இணையப் பக்கங்களின் அடியில் இருந்த 'அடுத்து' பொத்தானும் அப்படித்தான், கை ஒரு நொடி நிற்கும். இழுக்க இழுக்கத் தானாகவே அடுத்தது வந்துகொண்டிருக்கும் முடிவில்லாத ஸ்க்ரோல் அந்த நொடியை எடுத்துவிட்டது. 2006-இல் அதை வடிவமைத்த ஏஸா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். நான் இப்போது, தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் ஆர்எஸ்எஸ் ரீடர் என்ற செயலியில்தான் படிக்கிறேன். நானே தேர்ந்தெடுத்த தளங்கள், வந்த வரிசையில் வரும், ஓர் இடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் மூடிவிடுவேன்.

கேம்கள் சொல்லித்தருவது எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒருநாள் விட்டால் கணக்கு முதலிலிருந்து என்ற பழக்கம் வாசிப்புச் செயலிகளுக்கும் வந்துவிட்டது. கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்று நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால், இருப்பதிலேயே சின்னக் கட்டுரையைத் தேடி ஓட்டியிருக்கிறேன். ஒரு வரி மனதில் நிற்கவில்லை. அந்த எண்ணிக்கையை அணைத்துவிட்டேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.

இப்போது என் ஆறில் ஒன்று, கடலடிக் கேபிள்களைப் பழுதுபார்க்கும் கப்பல்கள் பற்றிய நீளமான கட்டுரை. நான்கு மாதமாக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு முறை நீக்கப் போய், மனசு வராமல் விட்டுவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் எடுக்கப்போகிறேன்.