கவ்வாத்து மலையின் சிவப்பு

அன்புள்ள அக்கா,

டொரொன்டோவில் இருக்கும் என் சின்னம்மா ஒவ்வோர் ஒக்டோபரிலும் தன் வீட்டு மேப்பிள் மரத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். இங்கே இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் எங்கள் தோட்டத்தில் ஒரு மேப்பிள் கன்று வைத்தால் அப்படிச் சிவக்குமா? இலையுதிர் காலத்தின் அழகு நம் மலையகத்துக்கு வாய்க்கவில்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. வாசலில் நிற்கும் பொயின்செட்டியாவும் டிசம்பரில் பச்சையாகவே இருக்கிறது. என்ன உரம் இடலாம்?

அன்புள்ள தம்பி,

அப்படிச் சிவக்கும் என்று நம்பி வைக்காதீர்கள். டொரொன்டோவில் ஜூனில் 15 மணி நேரத்தைத் தாண்டும் பகல், டிசம்பரில் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது இலையின் பச்சையம் சிதைய, முன்பே உள்ளிருந்த மஞ்சள் வெளிப்படுகிறது, சிவப்போ வெயிற்பகலிலும் குளிரிரவிலும் புதிதாக உருவாகிறது. நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 50 நிமிடமே வேறுபாடு. நுவரெலியாவில் விழும் உறைபனி தேயிலையைக் கருக்குமே தவிர, அதற்கு வண்ணம் ஏற்றாது.

அந்த 'ஏக்கம்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கார், கூதிர், முன்பனி என்று ஆறு பருவங்கள் வகுத்த நம் மொழி இலையுதிர்வுக்கென ஒரு பருவத்தை ஒதுக்கவில்லை. ஆனால் மாந்தளிரை ஒரு நிறத்தின் பெயராகவே வைத்துக்கொண்டது. வெப்ப நாட்டு மரங்கள் பல பிறக்கும்போதே சிவக்கின்றன. நாக மரத்தின் தளிரையும் கறுவாத் தளிரையும் ஹோர்ட்டன் சமவெளியில் கீனா மரங்களின் உச்சியையும் பார்த்துவிட்டுப் பிறகு ஏங்குங்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளுக்கு, மேலே தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலை சில வாரங்கள் வெறும் குச்சிகளாக நிற்கும். பிறகு ஒவ்வொரு குச்சியிலும் செம்பு நிறத்தில் அரும்பு கட்டும். அது விதையிலிருந்து முளைத்த விதைத் தேயிலை என்பதால், ஒரே தாய்ச்செடியின் துண்டுகளை நட்டு வளர்த்த வீபி மலையைப் போல ஒரே பச்சையாக இராமல், ஒரு செடி ஊதாவாகவும் அடுத்தது செம்மஞ்சளாகவும் துளிர்க்கும். அப்பாயி அந்த நிறத்தை வைத்தே செடிகளை அடையாளம் சொல்வார். நான் ஒரு கொழுந்தைக் கிள்ளி வெயிலில் பிடித்து நரம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இது அழகு பாக்குற செடியில்ல புள்ள, பேரு போடுற செடி" என்று பிடுங்கிக் கூடையில் போட்டார். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்; பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அன்று அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பழுத்து உதிர்வதற்கு அந்தக் கொழுந்துக்கு நாம் காலம் கொடுத்ததில்லை, தம்பி. அதை நின்று பார்ப்பதற்கு நமக்கும் எவரும் காலம் கொடுத்ததில்லை. மலையகத்துக்கு வாய்க்காதது அந்த நேரம். நிறம் எப்போதும் இங்கேதான் இருந்தது.

பொயின்செட்டியாவை மறந்துவிட்டேன். அதில் சிவப்பது பூவன்று, இலை. இரவு நீளும்போது சிவக்கும் செடி அது; நம் 50 நிமிட வேறுபாட்டையும் கணக்கெடுக்கும். ஆனால் அதன் இரவு முழு இருட்டாக இருக்க வேண்டும். உரத்துக்குக் காசு செலவழிப்பதற்கு முன், உங்கள் வாசல் விளக்கு விடியும்வரை எரிகிறதா என்று பாருங்கள்.